வல்லரசின் படைக்கொள்கையை மறுத்துப் பேசும் உரையை எழுதுவது எப்படி

கோரிக்கை வாக்கியத்தை முதலில் எழுதுங்கள். வணக்கம், வரலாறு, கோபம், கைதட்டல் வாங்கும் வரி எல்லாம் பிறகு. எந்த வல்லரசு, அதன் எந்தச் செயல், எந்த இடத்தில், எந்தத் தேதிக்குள், என்ன செய்ய வேண்டும்? இந்த ஐந்துக்கும் ஒரே வாக்கியத்தில் விடை இருக்க வேண்டும். தலைவருக்கு உரை எழுதிக் கொடுப்பவர், தீர்மானம் வரைபவர், மாதிரி ஐ.நா. போட்டிக்குத் தயாராகும் மாணவர், உரையைப் பிரித்து ஆராயும் செய்தியாளர், யாராக இருந்தாலும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. கோரிக்கை இல்லாத உரை எவ்வளவு வீராவேசமாக இருந்தாலும், அதை வல்லரசு ஒரு நாள் பொறுத்துக்கொண்டால் போதும். மறுநாள் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமே இருக்காது.

நல்ல கோரிக்கை சிறியதாக இருக்கும். 1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பிகினி தீவில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றின் மீது கதிரியக்கச் சாம்பல் விழுந்த செய்தி வெளியாகி உலகம் கொதித்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் 2 அன்று நேரு இந்திய நாடாளுமன்றத்தில் பேசினார். அணு ஆயுதங்களை ஒழிக்க வேண்டும் என்பது இந்தியாவின் நெடுநாள் நிலைப்பாடு. ஆனால் அன்று அவர் முதலில் வைத்தது அதைவிடக் குறுகிய கோரிக்கை: உற்பத்தியையும் கையிருப்பையும் நிறுத்தும் உடன்பாட்டுக்கு நாளாகலாம், அதுவரை வெடிப்புச் சோதனைகளையாவது நிறுத்தி வையுங்கள். இதில் 'அதுவரை' என்ற பகுதிதான் வேலை செய்தது. ஆயுதத்தைக் கைவிடச் சொன்னால் 'எதிரியிடம் இருக்கிறதே' என்று வல்லரசு பதில் வைத்திருக்கும். சோதனையை நிறுத்தி வை என்றால் அந்தப் பதில் அவ்வளவு எளிதில் பொருந்தாது. 1963 ஆகஸ்ட் 5 அன்று கையெழுத்தான பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம் வரை அந்தக் கோரிக்கை உயிரோடு இருந்தது.

பெரிய கோரிக்கைக்கும் சிறிய கோரிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை நம் இந்தியப் பெருங்கடலிலேயே பார்க்கலாம்.

1971இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் முயற்சியால் இந்தியப் பெருங்கடலை 'அமைதி மண்டலம்' என்று அறிவிக்கும் 2832ஆம் தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் டிசம்பர் 16 அன்று நிறைவேறியது. ஆதரவு 61, எதிர்ப்பு இல்லை, வாக்களிக்காமல் விலகியவர்கள் 55. பார்க்கப் பெரிய வெற்றிதான். ஆனால் தீர்மானத்தின் வாசகத்தைக் கவனியுங்கள். கடல் முழுவதிலுமிருந்து தளங்களையும் படை வசதிகளையும் அகற்ற வேண்டும் என்று கேட்டுவிட்டு, 'வல்லரசுப் போட்டியின் பின்னணியில்' அமைந்தவை என்று ஒரு தகுதியையும் சேர்த்தது. தன் தளம் போட்டிக்காக அமைந்தது என்று எந்த வல்லரசாவது ஒப்புக்கொள்ளுமா? தேதியும் கிடையாது. வல்லரசுகள் உடனே கலந்தாலோசனை தொடங்க வேண்டும் என்பதோடு நின்றது. அடுத்த ஆண்டு தனிக் குழு அமைந்தது. 1981இல் கொழும்பில் மாநாடு என்று திட்டமிட்டார்கள். அந்த மாநாடு நடக்கவே இல்லை. அந்தக் கடலில் பிரிட்டன் கைவசமிருந்த டியாகோ கார்சியா தீவின் அமெரிக்கத் தளமோ வளர்ந்துகொண்டே போனது.

அதே டியாகோ கார்சியாவை மொரீஷியஸ் வேறு வழியில் அணுகியது. டியாகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுக்கூட்டத்தை 1965இல், மொரீஷியஸுக்கு விடுதலை கிடைப்பதற்கு மூன்றாண்டு முன்பு, பிரிட்டன் அதனிடமிருந்து பிரித்துவிட்டது. ஆகவே காலனி நீக்கம் முழுமை பெறவில்லை என்பதே அதன் வாதம். அமெரிக்கத் தளத்தை மூடு என்று அது கேட்கவே இல்லை. தளம் தொடரலாம், நீண்ட குத்தகைக்கே தருகிறோம் என்றது. இதனால் 'பாதுகாப்பு' என்ற பிரிட்டனின் வலுவான சொல்லுக்கு வேலை இல்லாமல் போனது. 2018 செப்டம்பரில் சர்வதேச நீதிமன்றத்தில் மொரீஷியஸின் முன்னாள் பிரதமர் அனிருத் ஜக்நாத் நேரில் பேசினார். 1965 லண்டன் பேச்சுவார்த்தையில் இருந்தவர் அவர். 2019 பிப்ரவரி 25 அன்று 13 நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம் என்ற கணக்கில் மொரீஷியஸுக்குச் சாதகமாக ஆலோசனைக் கருத்து வந்தது. மே 22 அன்று பொதுச்சபையில் ஆதரவு 116, எதிர்ப்பு 6. அந்தத் தீர்மானம் ஆறு மாதத்துக்குள் பிரிட்டன் தன் நிர்வாகத்தை விலக்கிக்கொள்ள வேண்டும் என்று கெடு வைத்தது. பிரிட்டன் கெடுவை மதிக்கவில்லை. ஆனால் கெடு தாண்டிய நாளிலிருந்து ஒவ்வொரு உரையிலும் சொல்ல மொரீஷியஸுக்கு ஒரு வரி கிடைத்துவிட்டது. இறையாண்மையை மாற்றித் தரும் உடன்படிக்கை 2025 மே 22 அன்று கையெழுத்தானது. டியாகோ கார்சியா 99 ஆண்டுக் குத்தகையில் பிரிட்டன் கையிலேயே இருக்கும் என்பது அதன் நிபந்தனை. தளம் போகவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். எதைக் கேட்காமல் விடுகிறோம் என்பதையும் எழுதுபவர் முன்கூட்டியே முடிவு செய்துதான் ஆக வேண்டும்.

வல்லரசு எந்த வாக்கியத்துக்குப் பின்னால் நிற்கிறது?

கோரிக்கை தயாரானதும் எதிர்த்தரப்பின் ஆவணங்களைப் படியுங்கள். ஒவ்வொரு படைக்கொள்கைக்கும் காவலாக ஒரு வாக்கியம் நிற்கும். அந்த வாக்கியத்தோடு மோதக் கூடாது, அது தேவைப்படாத இடத்துக்கு விவாதத்தை நகர்த்த வேண்டும். இதற்கு நியூசிலாந்தைவிட நல்ல பாடம் கிடையாது.

1984 ஜூலையில் டேவிட் லாங்கேயின் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. அணு ஆயுதம் சுமக்கும் கப்பலும் அணுசக்தியால் ஓடும் கப்பலும் தன் துறைமுகங்களுக்கு வரக் கூடாது என்பது அதன் கொள்கை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா மூன்றும் 1951 முதல் அன்சஸ் கூட்டணியில் இருந்தவை. அமெரிக்கக் கடற்படையின் காவல் வாக்கியம் இதுதான்: எந்தக் கப்பலிலும் அணு ஆயுதம் இருப்பதை உறுதிப்படுத்தவும் மாட்டோம், மறுக்கவும் மாட்டோம். 1985 தொடக்கத்தில் யு.எஸ்.எஸ். புக்கானன் வர அனுமதி கேட்டார்கள். அது அணுசக்தியால் ஓடாத கப்பல்; ஆனால் அணு ஆயுதம் சுமக்கக்கூடியது. இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் பதில் வராது. பிப்ரவரியில் நியூசிலாந்து அனுமதி மறுத்தது.

அந்த நிலையில் 'ஆயுதம் இல்லை என்று எழுதிக் கொடு' என்று சட்டம் எழுதியிருந்தால் அமெரிக்கா தன் உலகளாவிய கொள்கையையே கைவிட வேண்டியிருக்கும். அது நடக்காது. 1987 ஜூனில் நிறைவேறிய அணு ஆயுதமற்ற மண்டலச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேறு மாதிரி எழுதப்பட்டது. கப்பலில் அணு வெடிபொருள் இருக்காது என்று நியூசிலாந்துப் பிரதமர் மனநிறைவு அடைந்தால் மட்டுமே அனுமதி தரலாம். அதற்கு அவர் கிடைக்கும் தகவலையும் ஆலோசனையையும் கருத்தில் கொள்வார். வாக்கியத்தின் எழுவாயைப் பாருங்கள். அமெரிக்கா எதையும் சொல்ல வேண்டியதில்லை, முடிவு செய்பவர் நியூசிலாந்தின் பிரதமர். உறுதிப்படுத்தாமலும் மறுக்காமலும் இருக்கும் உரிமை அமெரிக்காவிடமே இருந்தது. கதவின் சாவி மட்டும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அணுசக்தியால் ஓடும் கப்பலுக்கு 11ஆம் பிரிவு நேரடித் தடை. அங்கே சுற்றி வளைக்கத் தேவை இல்லை, கப்பல் எதனால் ஓடுகிறது என்பது ஊரறிந்த விஷயம்.

விலை இல்லாமல் இல்லை. 1986 ஆகஸ்டில் அமெரிக்கா நியூசிலாந்துக்கான அன்சஸ் பாதுகாப்புப் பொறுப்பை நிறுத்தி வைத்தது. கூட்டுப் பயிற்சிகளும் உளவுத் தகவல் பகிர்வும் குறைந்தன. ஆனால் சட்டம் நின்றது. முப்பதாண்டுக்கு மேல் கழித்து, 2016 நவம்பரில் யு.எஸ்.எஸ். சாம்ப்சன் வந்தபோது, அதே பிரிவின்கீழ்தான் பிரதமர் ஜான் கீ அனுமதி தந்தார். சட்டத்தின் தடை மாறவில்லை, அமெரிக்காவும் தன் வாக்கியத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

உங்கள் வரைவில் இதைச் செய்துபார்க்க ஒரு வழி: ஒவ்வொரு கோரிக்கை வாக்கியத்தின் எழுவாயையும் அடிக்கோடிடுங்கள். எல்லாவற்றிலும் வல்லரசே எழுவாயாக இருந்தால் நீங்கள் மனு எழுதுகிறீர்கள். உங்கள் நாடாளுமன்றம், உங்கள் துறைமுகம், உங்கள் வான்வெளி, உங்கள் வாக்கு, இவற்றில் ஒன்றையாவது எழுவாயாக்க முடியுமா என்று பாருங்கள். 2003 மார்ச் 17 அன்று கனடாப் பிரதமர் ழான் கிரெத்தியான் சொன்னது இந்த வகை: ஐ.நா. பாதுகாப்பு அவையின் புதிய தீர்மானம் இல்லாமல் ஈராக் மீது போர் நடந்தால் கனடா கலந்துகொள்ளாது. அமெரிக்காவைத் திட்டி ஒரு சொல்லும் அதில் தேவைப்படவில்லை.

வினைச்சொல்லின் கனம்

ஐ.நா. தீர்மானங்களில் வினைச்சொற்களுக்குப் படிநிலை உண்டு. கவலை தெரிவிக்கிறது, வருந்துகிறது, கண்டிக்கிறது என்பது ஒரு வரிசை. கேட்டுக்கொள்கிறது, வலியுறுத்துகிறது, கோருகிறது என்பது இன்னொன்று. உரை எழுதுபவர் இதை அலட்சியம் செய்தால் தன் நாடு எவ்வளவு தூரம் போகத் தயார் என்பதைத் தெரியாமலே காட்டிக்கொடுத்துவிடுவார். 1990இல் 678ஆம் தீர்மானம் ஈராக்குக்கு எதிராக 'தேவையான எல்லா வழிகளையும்' பயன்படுத்த அனுமதித்தது. படை என்ற சொல் இல்லாமலே படைக்கு அனுமதி என்று எல்லாருக்கும் புரிந்தது. 2002 நவம்பர் 8 அன்று 15 நாடுகளும் ஏற்ற 1441ஆம் தீர்மானத்தில் அந்தத் தொடர் இல்லை, 'கடும் விளைவுகள்' என்ற எச்சரிக்கை மட்டுமே இருந்தது. அந்த இடைவெளியில் நின்றுதான் பிரான்ஸ் 2003 ஈராக் போரை எதிர்த்துப் பேசியது. எதிர்த்துப் பேசப்போகும் கொள்கை ஏதாவது தீர்மானத்தைச் சான்றாகக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். காட்டினால் அதன் வினைச்சொற்களைப் பட்டியலிடுங்கள். பாதி வாதம் அங்கேயே கிடைக்கும்.

நட்பையும் கொள்கையையும் பிரிப்பது

2003 பிப்ரவரி 14 அன்று பாதுகாப்பு அவையில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தொமினிக் து வில்பன் பேசிய உரையை இதற்குப் பாடமாகப் படிக்கலாம். மூன்று வாரங்களுக்கு முன்பு அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் பிரான்ஸையும் ஜெர்மனியையும் 'பழைய ஐரோப்பா' என்று ஏளனம் செய்திருந்தார். வில்பன் உரையின் கடைசியில், ஒரு பழைய நாட்டிலிருந்து, பழைய கண்டத்திலிருந்து இந்தச் செய்தியோடு வருகிறேன் என்றார். போரையும் ஆக்கிரமிப்பையும் பார்த்த நாடு அது என்றும், அமெரிக்காவிலிருந்து வந்த விடுதலை வீரர்களுக்குத் தான் பட்ட கடனை மறக்காத நாடு என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த அவையில் வழக்கமில்லாத கைதட்டல் எழுந்தது.

கைதட்டலைப் பற்றி மட்டும் பேசி விட்டுவிடுகிறார்கள். உரையின் நடுப்பகுதி முழுக்கச் சலிப்பூட்டும் நடைமுறை: ஈராக்கில் ஆயுதங்களைத் தேடிய ஐ.நா. ஆய்வாளர்களுக்கு அவகாசம், கூடுதல் வசதிகள், மார்ச் 14 அன்று அமைச்சர்கள் மட்டத்தில் மீண்டும் கூடி முன்னேற்றத்தைப் பார்ப்போம் என்ற தேதி. அந்தச் சலிப்புதான் கடைசி வரிக்கு இடம் பிடித்துக் கொடுத்தது. போரை உரை தடுக்கவில்லை. மார்ச் 20 அன்று தொடங்கிவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, 17ஆம் தேதி, போருக்கு அங்கீகாரம் கேட்கும் இரண்டாவது தீர்மான வரைவை அமெரிக்கத் தரப்பு வாக்கெடுப்புக்கு விடாமல் கைவிட்டது.

எதிரியின் ஏளனச் சொல்லை எடுத்துத் தன் பட்டமாகச் சூடிக்கொள்வது ஒரே ஒரு முறைதான் பலிக்கும். உரையில் இரண்டாவது தடவை செய்தால் நாடகம். நட்பைச் சொல்லும் வரியில் 'ஆனால்' போடாதீர்கள். அதை முழு வாக்கியமாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.

நட்பைச் சொல்ல இன்னொரு வழி, கூட்டாளியின் விழுமியத்தையே அளவுகோலாக வைப்பது. 1985 மார்ச் 1 அன்று ஆக்ஸ்ஃபோர்டு யூனியனில், அணு ஆயுதங்கள் அறநெறிப்படி நியாயப்படுத்த முடியாதவை என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக லாங்கே வாதிட்டார். ஒரு கூட்டாளியை அதன் விருப்பத்துக்கு மாறாக அணு ஆயுதத்தை ஏற்கச் செய்வது, நாம் எதை எதிர்த்துப் போராடுவதாகச் சொல்கிறோமோ அந்தச் சர்வாதிகாரத்தின் நிலைப்பாடு என்பது அவர் வாதத்தின் முதுகெலும்பு. சோவியத் ஒன்றியத்தைக் காட்டித் தன் கொள்கையை நியாயப்படுத்தும் அரசால் இதை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

ஒப்பீடும் கிண்டலும்

இரண்டுமே விலை அதிகம். 1972 டிசம்பர் 23 அன்று, வட வியட்நாம் தலைநகர் ஹனோய் மீது அமெரிக்கா குண்டு பொழிந்துகொண்டிருந்தபோது, சுவீடன் பிரதமர் ஓலோஃப் பால்மே ஒரு சிறிய அறிக்கை வாசித்தார். கெர்னிகா, ஒரதூர், பாபி யார், கத்தின், லிடிசே, ஷார்ப்வில், திரெப்லிங்கா என்று படுகொலை நடந்த ஊர்ப்பெயர்களை அடுக்கி, இனி இதில் ஹனோயும் சேரும் என்றார். அமெரிக்கா கடும் சினம் கொண்டது. 1974 வரை இரு நாடுகளுக்கிடையே தூதர்கள் இல்லை. வெறும் பெயர்களாக விட்டதால்தான் அந்தப் பட்டியல் அடித்தது. ஒவ்வொன்றுக்கும் 'கொடூரமான' என்று அடைமொழி போட்டிருந்தால் நீர்த்துப் போயிருக்கும். இப்படி ஒப்பிட நினைத்தால் ஒப்பிடும் நிகழ்வு ஒவ்வொன்றிலும் நீங்கள் குறுக்குக் கேள்விக்கு நிற்க முடியுமா என்று பாருங்கள். ஒன்று ஆட்டம் கண்டாலும் விவாதம் அந்த ஒன்றிலேயே முடிந்துபோகும். தூதரை இழக்கத் தயாரா என்ற கேள்வியை எழுதுபவர் முடிவு செய்யக் கூடாது. தலைவரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

கிண்டலில் வாதம் இருக்க வேண்டும். மந்தாவிலிருந்த அமெரிக்கத் தள ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றி 2007இல் ஈக்வடார் அதிபர் ரஃபேல் கொர்ரெயாவிடம் கேட்டபோது, மயாமியில் எங்களுக்கு ஒரு தளம் கொடுங்கள், புதுப்பிக்கிறோம் என்றார். சிரித்து முடித்த பிறகும் அதில் கேள்வி மிச்சம் இருக்கிறது: அயல்நாட்டுப் படை இருப்பது சாதாரணம் என்றால் உங்கள் ஊரில் ஏன் கூடாது? எந்த மொழிக்குப் போனாலும் சிதையாத கிண்டல் இது. 2008 அரசியலமைப்பு அயல்நாட்டுத் தளங்களைத் தடை செய்தது. 2009இல் அமெரிக்கப் படை வெளியேறியது.

வெனிசுவேலா அதிபர் ஊகோ சாவேஸ் 2006 செப்டம்பரில் பொதுச்சபை மேடையில், நேற்று இங்கே சாத்தான் வந்து போனது, இன்னும் கந்தக வாடை அடிக்கிறது என்றார். அவையில் சிரிப்பு. ஆனால் அடி விழுந்தது முந்தின நாள் அங்கே பேசிய அமெரிக்க அதிபர் புஷ் என்ற ஆள் மீது, கொள்கை தப்பிவிட்டது. அடுத்த மாதம் பாதுகாப்பு அவை இடத்துக்கு வெனிசுவேலாவும் குவாத்தமாலாவும் மோதின. 47 சுற்று வாக்கெடுப்பிலும் முடிவு வராமல் 48ஆவது சுற்றில் பனாமா வென்றது. அந்தப் பேச்சு வாக்குகளைக் கெடுத்தது என்று அப்போதே பலர் சொன்னார்கள். ஆளைத் தாக்கும் வரி வரைவில் இருந்தால் அந்தப் பெயரை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அந்த வரி வேண்டாம்.

மேடை, நேரம், நகல்

பொதுச்சபைப் பொது விவாதத்தில் 15 நிமிடம் என்பது வேண்டுகோள் அளவு. ஆங்கிலத்தில் 1,500 முதல் 1,800 சொற்கள் போதும். ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் இல்லாத மொழியில் பேசினால் மொழிபெயர்ப்பாளரையோ மொழிபெயர்த்த உரையையோ உங்கள் தூதுக்குழுவே தர வேண்டும். எந்த மொழியானாலும் நகலை முன்கூட்டியே மொழிபெயர்ப்புக் கூண்டில் கொடுங்கள். ஊர்ப்பெயர், எண், தேதி மூன்றும்தான் அங்கே அதிகம் தவறும்.

வல்லரசின் மண்ணிலேயே நின்று பேசினால் சத்தம் அதிகம், சேதமும் அதிகம். 1965 ஏப்ரல் 2 அன்று கனடாப் பிரதமர் லெஸ்டர் பியர்சன் ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் பல்கலைக்கழக மேடையில் கேட்டது மிக மென்மையானது: வட வியட்நாம் மீதான குண்டுவீச்சை உரிய நேரத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். மறுநாள் கேம்ப் டேவிட் ஓய்வு மாளிகையில் அமெரிக்க அதிபர் ஜான்சன் அவருடைய கோட்டைப் பிடித்துக் கத்தியது இன்றும் கதையாகச் சொல்லப்படுகிறது. மென்மையான கோரிக்கைக்கு இரகசியக் கடிதம் பொருந்தும்; அது மறுக்கப்பட்ட பிறகு மேடை ஏறுவது நல்லது.

பதில் கேள்விக்கு முன்பே பதில்

உன் யோக்கியதை என்ன என்ற கேள்வி வந்தே தீரும். பிரெஞ்சு அதிபர் சார்லஸ் டி கோல் 1966 செப்டம்பர் 1 அன்று கம்போடியத் தலைநகர் நோம்பென் விளையாட்டரங்கில், அமெரிக்கா வியட்நாமிலிருந்து வெளியேற உறுதி தர வேண்டும் என்றபோது, அல்ஜீரியாவிலிருந்து பிரான்ஸ் வெளியேறியதைத் தானே எடுத்துச் சொன்னார். கேட்கப்போகும் கேள்வி அவருடைய சான்றாக மாறியது. உங்கள் நாட்டின் பலவீனமான மூன்று இடங்களைத் தாளில் எழுதுங்கள். அதில் ஒன்றை உரைக்குள்ளேயே கொண்டுவாருங்கள். மற்ற இரண்டுக்கும் பதிலுரை தயாராக இருக்கட்டும்: பொதுச்சபையில் பதிலளிக்கும் உரிமை ஒரு நாளின் முடிவில் வரும், முதல் தடவை 10 நிமிடம், இரண்டாவது 5 நிமிடம், அதற்கு மேல் இல்லை. இரண்டாவது ஐந்து நிமிடத்தை எதிர்த்தரப்பு சொன்னதற்கு மறுப்பாகச் செலவழிக்காமல், கோரிக்கை வாக்கியத்தை மறுபடி அப்படியே படியுங்கள். மறுநாள் செய்தியில் கடைசியாகச் சொன்னதுதான் வரும்.

எதிர்த்தரப்பின் வாயிலிருந்து வாக்கியம் வாங்குவது

இதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. பிரான்ஸ் தென் பசிபிக்கில் வளிமண்டலத்தில் அணுச்சோதனை நடத்துவதை எதிர்த்து 1973இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சர்வதேச நீதிமன்றம் போயின. நியூசிலாந்துப் பிரதமர் நார்மன் கிர்க் ஓர் அமைச்சரோடு போர்க்கப்பலையே பிரான்ஸ் சோதனை நடத்திய முருரோவா தீவருகில் சாட்சியாக அனுப்பினார். பிரான்ஸ் நீதிமன்றத்துக்கே வரவில்லை. ஆனால் 1974இல் அதிபர் மாளிகை அறிக்கை, அதிபர் ஜிஸ்கார் தெஸ்தேனின் செய்தியாளர் சந்திப்பு என்று பல இடங்களில், இந்த ஆண்டோடு வளிமண்டலச் சோதனை முடிகிறது என்று பிரெஞ்சுத் தரப்பு சொல்லிவிட்டது. டிசம்பர் 20 அன்று நீதிமன்றம், பகிரங்கமாகச் சொன்ன அந்த வார்த்தைகளே பிரான்ஸைச் சட்டப்படி கட்டுப்படுத்தும், ஆகவே வழக்குக்கு இனி பொருள் இல்லை என்றது.

ஆகவே உரை முடிந்த பிறகு ஒருவரை இதற்கென்றே உட்கார வையுங்கள். வல்லரசின் அதிபர், அமைச்சர், பேச்சாளர் பதிலாகச் சொல்லும் ஒவ்வொன்றையும் தேதி, இடம், பதவி, சொன்ன சொற்கள், ஒலிப்பதிவு இருக்கும் இடம் என்று ஐந்து கட்டத்தில் பதிவு செய்யட்டும். அடுத்த உரையின் கோரிக்கையை அந்தச் சொற்களிலேயே எழுதுங்கள்.

எழுதும்போது ஓட்டை எங்கே என்றும் பாருங்கள். 1963 ஒப்பந்தம் வளிமண்டலம், விண்வெளி, நீருக்கடி மூன்றையும் தடுத்தது, நிலத்தடியை விட்டுவிட்டது. 1974இன் பிரெஞ்சு வாக்குறுதியும் வளிமண்டலத்தோடு நின்றது. அடுத்த ஆண்டே சோதனை நிலத்தடிக்குப் போய் 1996 வரை நடந்தது. 1995இல் நியூசிலாந்து பழைய வழக்கை மீண்டும் திறக்கக் கேட்டபோது, அந்த வழக்கு வளிமண்டலச் சோதனை பற்றியது மட்டுமே என்று நீதிமன்றம் செப்டம்பர் 22 அன்று தள்ளிவிட்டது.